வரி எண்ணே நிலை: சி மேக்ரோவுக்குள் ஒளிந்திருக்கும் ஸ்டேட் மெஷின்

2000களின் நடுவில் ஒயர்லெஸ் சென்சார் ஆராய்ச்சிக்கூடங்களில் டிமோட் ஸ்கை என்ற சின்னக் கருவி பரவலாகப் புழங்கியது. இரண்டு ஏஏ பேட்டரி, ஒரு எம்எஸ்பி430 சிப், 10 கிலோபைட் ரேம், அவ்வளவுதான். இன்றைய போனில் எடுக்கும் ஒரு படத்தைக்கூட அதில் வைக்க முடியாது. ஆனாலும் அது வெப்பநிலையை அளந்து, ரேடியோவில் அனுப்பி, பதிலுக்குக் காத்திருந்து, நடுவில் பக்கத்துக் கருவியின் செய்தியையும் கைமாற்றிவிட வேண்டும்.

பெரிய கம்ப்யூட்டர் என்றால் வேலைக்கு ஒரு த்ரெட் (தனியாக ஓடும் இழை) போட்டுவிடுவோம். ஆனால் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி ஸ்டேக், அதாவது ஃபங்ஷன்களின் மாறிகளும் திரும்ப வேண்டிய இடமும் தங்கும் நினைவிடம், வேண்டும். ஆளுக்குச் சில நூறு பைட் ஒதுக்கினாலும் பத்து வேலைக்குள் ரேமில் கணிசமான பங்கு கரைந்துவிடும். அதனால் இந்த மாதிரி சிப்களில் பெரும்பாலும் ஒரே ஸ்டேக்தான். ஒவ்வொரு ஃபங்ஷனும் கொஞ்சம் வேலை பார்த்துவிட்டு உடனே திரும்ப வேண்டும். உள்ளேயே நின்று காத்திருப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

அப்படியானால் அடுத்த முறை கூப்பிடும்போது எங்கே விட்டோம் என்று எப்படித் தெரியும்? ஒரு மாறியில் நிலையைக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். ‘பதிலுக்குக் காத்திருக்கிறேன்’, ‘மறுபடி அனுப்பப்போகிறேன்’ என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, மாறியின் மதிப்பைப் பார்த்துக் கிளை பிரியும் பெரிய சுவிட்ச் ஒன்றில், நிலைக்கு ஒரு கேஸ் என்று பிரித்துப் போடுவது. இதுதான் ஸ்டேட் மெஷின். வேலை செய்யும், ஆனால் படிக்க முடியாது. ‘பதில் வரும்வரை திரும்பத் திரும்ப அனுப்பு’ என்று மனதில் ஒரே சுழலாக இருப்பது, கோடில் நாலு கேஸாகச் சிதறிக் கிடக்கும்.

இதிலிருந்து தப்பிக்கும் வழி சி மொழியின் ஒரு விநோதத்தில் இருக்கிறது. சுவிட்ச் என்பது பார்க்க ஒழுங்கான பிரிவுகள் மாதிரி தெரிந்தாலும், நிஜத்தில் அது ஒரு தாவல். கேஸ் என்பது தாவி இறங்கும் இடத்துக்கான அடையாளம் மட்டுமே. அந்த அடையாளம் ஒரு வைல் சுழலின் நட்டநடுவில் இருந்தாலும் சி கம்பைலர் முணுமுணுக்காது. லூகாஸ்ஃபில்மில் இருந்த டாம் டஃப் 1983இல் இதை வைத்துத்தான் தரவை நகலெடுக்கும் ஒரு சுழலை வேகப்படுத்தினார். இதே உத்தியால் ஸ்டேட் மெஷினும் எழுதலாம் என்று அப்போதே சொன்னவர், அது சகிக்காது என்று விவரிக்காமல் விட்டுவிட்டார். புட்டி மென்பொருளை எழுதிய சைமன் டேத்தம் 2000இல் அந்தச் சகிக்காத காரியத்தையே மேக்ரோக்களாக்கி (கம்பைல் ஆகும் முன் முழுக் கோடாக விரியும் சுருக்கப் பெயர்களாக்கி) காட்டினார். அப்புறம் ஸ்வீடனில் ஆடம் டங்கல்ஸ் அதை ‘புரோட்டோத்ரெட்’ என்ற பெயரில் கான்டிகி இயங்குதளத்துக்குள் கொண்டுவந்தார். ஒரு புரோட்டோத்ரெட்டுக்குச் செலவு: இரண்டே பைட்.

மேக்ரோக்களைத் தமிழிலேயே எழுதிப் பார்க்கலாம். (விளையாட்டுக்குச் சொல்லவில்லை, ஜிசிசி கம்பைலரின் 10ஆம் பதிப்பு முதல் தமிழ்ப் பெயர்கள் அப்படியே செல்லும். டிஃபைன் என்ற கட்டளையை மட்டும் ஆங்கிலத்தில் வைத்து, மற்ற சொற்களுக்கு ஆளுக்கொரு மேக்ரோ போட்டால் போதும்.)

#டிஃபைன் தொடங்கு(நி) சுவிட்ச் (நி) { கேஸ் 0:
#டிஃபைன் காத்திரு(நி, எது) நி = __லைன்__; கேஸ் __லைன்__: இஃப் (!(எது)) ரிட்டர்ன் 0;
#டிஃபைன் முடி(நி) } நி = 0; ரிட்டர்ன் 1;

நி என்பது நிலை மாறி, எது என்பது காத்திருக்கும் நிபந்தனை, __லைன்__ இருக்கும் இடத்தில் அந்த வரியின் எண் வந்து உட்காரும். முதல் மேக்ரோ ஓர் அடைப்பைத் திறந்துவிட்டு மூடாமலே போகிறது. மூன்றாவது வந்து மூடுகிறது. ஃபங்ஷனால் இதைச் செய்யவே முடியாது. கம்பைலருக்கு முன்னால் ஓடி மேக்ரோக்களை விரிக்கும் ப்ரீபிராசசருக்கு சி இலக்கணம் தெரியாது, எழுத்தை எழுத்தால் மாற்றி வைக்க மட்டுமே தெரியும். பல இடங்களில் தலைவலியாக இருக்கும் அந்த அறியாமை இங்கே உதவிக்கு வருகிறது. இனி நம் வேலை:

தொடங்கு(நிலை);
ரேடியோ_இயக்கு();
வைல் (!பதில்_வந்ததா()) {
செய்தி_அனுப்பு();
டைமர்_தொடங்கு();
காத்திரு(நிலை, பதில்_வந்ததா() || டைமர்_முடிந்ததா());
}
ரேடியோ_அணை();
முடி(நிலை);

நினைத்தது நினைத்தபடியே இருக்கிறது. காத்திரு என்பது கோப்பின் 112ஆம் வரியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ப்ரீபிராசசர் கை வைத்ததும் அந்த வரி ‘நிலை = 112; கேஸ் 112: இஃப் ... ரிட்டர்ன் 0;’ என்று ஆகிவிடும். முதல் முறை கூப்பிடும்போது நிலை 0. ரேடியோ எழும், செய்தி போகும், நிலையில் 112 பதிவாகும், பதில் இல்லாததால் ஃபங்ஷன் திரும்பிவிடும். அடுத்த முறை சுவிட்ச் நேராக 112க்குத் தாவும். வைலின் வாசலில் நிற்காமல் சுழலுக்கு உள்ளேயே இறங்கும். டைமர் முடிந்திருந்தால் சுழலின் அடி வரை போய், தலைக்கு ஏறி, மறுபடி அனுப்பும். பதில் வந்திருந்தால் வெளியே வந்து ரேடியோவை அணைக்கும். படித்த பக்கத்தை மடித்து வைப்பது போலத்தான். நிலைகளுக்குப் பெயர் யோசிக்கும் வேலையே இல்லை, வரி எண்ணே பெயர்.

ஓசியில் எதுவும் வராது அல்லவா? எத்தனை தடவை அனுப்பினோம் என்று எண்ண ஒரு உள்ளூர் மாறி வைத்தால், ஃபங்ஷன் திரும்பியதுமே அது போய்விடும். ஸ்டேட்டிக் என்று அறிவித்தால் நிற்கும், ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு இணைப்புகளை நடத்த முடியாது. மாறிகளையும் நிலையையும் ஒரு ஸ்ட்ரக்டில் (பல மாறிகளைச் சேர்த்துக் கட்டும் மூட்டையில்) கட்டி, அதன் முகவரியை ஃபங்ஷனுக்குக் கொடுப்பதே சரி. ஒரே வரியில் இரண்டு காத்திரு எழுதினால் ஒரே கேஸ் எண் இரண்டு தடவை வந்து கம்பைலர் திட்டும். அது நல்லதுதான், பிழை அங்கேயே பிடிபடுகிறது.

பிடிபடாத பிழை வேறு. உள்ளே இன்னொரு சுவிட்ச் எழுதி, அதற்குள் காத்திரு போட்டால், கேஸ் 112 உள் சுவிட்சுக்குச் சொந்தமாகிவிடும். கம்பைலர் வாய் திறக்காது. அடுத்த அழைப்பில் வெளி சுவிட்ச் 112ஐத் தேடும், கிடைக்காது, நேரே அடைப்புக்கு வெளியே விழுந்து ‘வேலை முடிந்தது’ என்று 1 கொடுக்கும். ரேடியோ எரிந்துகொண்டே இருக்கும், பேட்டரி தீரும். முடி மேக்ரோவுக்குள், எந்தக் கேஸும் பொருந்தாதபோது ஓடும் டிஃபால்ட் ஒன்றைச் சேர்த்து அங்கே அலறவிட்டால் இந்த எலியைப் பிடித்துவிடலாம். ஜிசிசியில் லேபிளின் (கோடில் ஓர் இடத்துக்கு வைக்கும் பெயரின்) முகவரியை மாறியில் வைத்துத் தாவும் வசதி உண்டு. சுவிட்சே வேண்டாம் என்பதால் இந்தச் சிக்கலும் இல்லை. அந்த வடிவமும் டங்கல்ஸின் நூலகத்திலேயே இருக்கிறது.

எல்லா ஸ்டேட் மெஷினுக்கும் இது பொருந்தாது. லிஃப்ட் மாதிரி எந்த நிலையிலும் எந்தப் பொத்தானும் அழுத்தப்படலாம் என்றால், நிலைக்கும் நிகழ்வுக்கும் ஓர் அட்டவணை போடுவதே தெளிவு. அங்கேயும் மேக்ரோ உதவும்: நிலைகளின் பட்டியலை ஒரே இடத்தில் எழுதி, அதிலிருந்தே நிலைகளுக்கு எண் கொடுக்கும் enum அறிவிப்பையும் பிழைதேடும்போது அச்சிட வேண்டிய பெயர்களையும் உண்டாக்கலாம். எக்ஸ்-மேக்ரோ என்பார்கள். ஒன்றுக்குப் பின் ஒன்று என்று வரிசையாகப் போகும் வேலைக்குத்தான் வரி எண் உத்தி.

சி ஷார்ப், ரஸ்ட் மொழிகளில் காத்திருக்கும் வேலைகளுக்கு அசிங்க், அவெய்ட் என்று எழுதும்போது கம்பைலர் திரைக்குப் பின்னால் செய்வதும் ஏறக்குறைய இதுவே. ஒவ்வொரு அவெய்ட்டும் ஒரு நிலை எண். நாம் கையால் ஸ்ட்ரக்டில் கட்டிய உள்ளூர் மாறிகளை அங்கே கம்பைலரே கண்டுபிடித்துக் கட்டிவிடுகிறது.