கேன்வாசிங்: வாசலில் நின்று வாக்குக் கேட்டல்

தேர்தல் நெருங்கிவிட்டால் ‘கேன்வாசிங் போறோம்’ என்பது கட்சிக்காரர்கள் பேச்சில் தானாக வந்துவிடும். காப்பீட்டு முகவர் ஆள் சேர்ப்பதையும் ‘கேன்வாஸ் பண்றார்’ என்றுதான் சொல்கிறோம். ஓவியர் வரையும் துணிக்கும் இதே பெயர். துணியும் வாக்குக் கேட்பதும் ஒரே வேரில் பிறந்தவைதான்.

லத்தீனில் கன்னாபிஸ் என்றால் கஞ்சாச் செடி. அதன் தண்டு நாரில் நெய்த முரட்டுத் துணியின் பெயர் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் கேன்வாஸ் ஆனது. 16 ஆம் நூற்றாண்டில் அது வினைச்சொல்லாகவும் புழங்கியது. ஒருவரை அந்தத் துணியில் கிடத்தி, நாலு முனையையும் பிடித்துத் தூக்கிப் போட்டுப் பிடிப்பார்கள்; விளையாட்டுக்கும் செய்வார்கள், தண்டனையாகவும் செய்வார்கள். அப்புறம் ஒரு விஷயத்தை உதறி அலசுவதற்கு அந்தச் சொல் வந்தது. ஆதரவு தேடிப் போவதற்கும் அதே நூற்றாண்டிலேயே வந்துவிட்டது.

அலசிப் பார்க்கும் பொருள் அமெரிக்காவில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அங்கே ‘கேன்வாசிங் போர்டு’ என்பது பதிவான வாக்குகளைச் சரிபார்த்து முடிவை உறுதிசெய்யும் குழு. 2000 ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் புளோரிடா மறு எண்ணிக்கையின்போது இந்தக் குழுக்களின் பெயர்தான் செய்திகளில் அடிபட்டது. இதைப் போய் ‘வாக்குச் சேகரிப்பு வாரியம்’ என்று மொழிபெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும்.

சொல் புதிது என்றாலும் செயல் மிகப் பழையது. பண்டைய ரோமில் பதவிக்கு நின்றவர்கள் வெளுத்த அங்கி அணிந்து மக்களிடையே சுற்றி வந்து கைகுலுக்குவார்கள். பக்கத்தில் ஓர் அடிமை நடந்து வருவான். எதிரே வருபவரின் பெயரைக் காதோடு சொல்வதே அவன் வேலை. இன்று வாக்காளர் பட்டியலோடு முன்னால் நடந்து, ‘இது இன்னார் வீடு’ என்று கிசுகிசுக்கும் உள்ளூர்த் தொண்டர் செய்வதும் அதைத்தானே! அந்தச் சுற்றி வருதலுக்கு லத்தீனில் அம்பிட்டியோ என்று பெயர். ஆங்கிலத்தில் பேராசையையும் இலட்சியத்தையும் குறிக்கும் ‘ஆம்பிஷன்’ அதிலிருந்து வந்ததுதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பிரசாரம் வடசொல், அதற்கு ஈடான பரப்புரை நல்ல ஆக்கம். ஆனால் இரண்டுமே ஒருவர் பலரிடம் பேசுவதைத்தான் முதலில் நினைவூட்டுகின்றன. வாசலில் நடப்பது ஒருவர் ஒருவரிடம் கேட்பது. ஜப்பானில் வேட்பாளர் வண்டியில் நின்று தெருவெல்லாம் பேசலாம். வீட்டு வாசலுக்குப் போய் வாக்குக் கேட்கக் கூடாது. 1925 இல் முதலில் விதித்த தடை இன்றைய சட்டத்திலும் இருக்கிறது. இரண்டையும் பரப்புரை என்றே எழுதினால் இந்தச் செய்தியைத் தமிழில் சொல்லவே முடியாது. திண்ணைப் பிரசாரம் என்ற அழகான வழக்கு வாசலுக்கு நெருங்கி வருகிறது. ஆனால் அது உட்கார்ந்து பேசுவது.

வாக்குச் சேகரிப்பு என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. சேகரிக்க வாசலில் வாக்கு எங்கே இருக்கிறது? அது விழுவது வேறொரு நாளில், வேறோர் இடத்தில். வாக்கு வேட்டை இன்னும் மோசம், வாக்காளரை இரையாக்கிவிடுகிறது. இந்தச் சொல்லை நாம் கைவிட வேண்டும்.

எனக்குப் பிடித்தது ‘வாக்குக் கேட்டல்’. வாக்கு என்றால் பேச்சு, கொடுத்த உறுதி. ‘வோட்’ வந்த லத்தீன் வோட்டும் என்பதற்கும் நேர்த்திக்கடன், சூளுரை என்றே பொருள். பெயர்ச்சொல்லாக வேண்டுமென்றால் ‘வாக்குக் கேட்பு’ என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வீடு போவதைச் சொல்ல ‘வீடு வீடாக’ என்ற அடுக்கே போதும். ‘கதவுக்குக் கதவு’ தமிழ் இல்லை. ‘வேட்பாளர் வீடு வீடாகப் படியேறி வாக்குக் கேட்டார்’ என்று எழுதிப் பாருங்கள், எங்கும் இடறாது.

கேட்பதிலும் தமிழ் நுட்பம் பார்த்திருக்கிறது. உயர்ந்தவரிடம் கேட்டால் ‘ஈ’, ஒத்தவரிடம் ‘தா’, தாழ்ந்தவரிடம் ‘கொடு’ என்று தொல்காப்பியம் பிரிக்கிறது. ‘வாக்களியுங்கள்’ என்பதில் உள்ள அளித்தல், அருளோடு தருவது. வாசலில் நிற்கும் வேட்பாளர் அந்தச் சொல்லைச் சொல்லும்போது, கதவைத் திறந்தவர் அவரைவிட ஒரு படி மேலே நிற்கிறார்.