நேஷனல் பார்க் பாஸ் கையில இருந்தாலும் நவஹோ பூமியில தனி டிக்கெட் ஏன்?

அரிசோனா, யூட்டா பக்கம் குடும்பத்தோட கார்ல கிளம்புறவங்க முதல்ல வாங்கி வைக்கிறது அமெரிக்கா த பியூட்டிஃபுல் பாஸ். கிராண்ட் கேன்யன்ல அது செல்லும். ஆனா மான்யுமென்ட் வேலிலயோ நாலு மாநிலம் சந்திக்கிற ஃபோர் கார்னர்ஸ்லயோ அதையே நீட்டினா எடுத்துக்க மாட்டாங்க, தலைக்கு இவ்வளவுன்னு தனியா கட்டணும், ஆன்டிலோப் கேன்யன்லயும் அப்படித்தான். ஏன்னா இதெல்லாம் நேஷனல் பார்க்கே கிடையாது, நவஹோங்கிற பழங்குடி மக்களோட தன்னாட்சி அரசாங்கமான நவஹோ நேஷன் தன்னோட சொந்த இலாகாவை வச்சு நடத்துற ட்ரைபல் பார்க். காசு புடுங்குறாங்கன்னு சிலர் சலிச்சுக்கிறாங்க, அந்த மண்ணு அவங்க கையில எப்படி நின்னுச்சுன்னு தெரிஞ்சா அப்படிப் பேச மனசு வராது.

1863, 64ல கிட் கார்சன் தலைமையில வந்த அமெரிக்க ராணுவம் நவஹோ மக்களோட வயலைக் கொளுத்தி, ஆடுகளைக் கொன்னு, கேன்யன் டி ஷேங்கிற பள்ளத்தாக்குல ஆயிரக்கணக்கான பீச் மரங்களை வெட்டி, பட்டினி போட்டே அவங்களைச் சரணடைய வச்சுது. அப்புறம் குழந்தை, கிழவின்னு பாக்காம நியூ மெக்சிகோவுல இருக்கிற போஸ்க் ரெடோண்டோ வரைக்கும் 300 மைலுக்கு மேல நடக்கவே விட்டாங்க, வழியிலயே எத்தனையோ பேர் செத்தாங்க, லாங் வாக்னு சொல்றது இதைத்தான். அங்க உப்புத் தண்ணி, பூச்சி தின்ன பயிர், நோய். 1868ல ஜெனரல் ஷெர்மன் வந்து இப்போ ஓக்லஹோமா இருக்கிற பக்கம் போறீங்களான்னு கேட்டப்போ, பார்போன்சிட்டோங்கிற தலைவர் எங்க ஊருக்குத்தான் போவோம்னு ஒரே பிடியா நின்னார். ஜூன் 1ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, சனம் சொந்த மண்ணுக்கே திரும்புச்சு. துரத்தப்பட்ட பழங்குடிகள்ல இப்படித் திரும்பி வந்தவங்க ரொம்பக் கம்மி.

அந்த கேன்யன் டி ஷேக்கு இப்போ நுழைவுக் கட்டணமே இல்ல. நேஷனல் பார்க் சர்வீஸ் பாத்துக்கிட்டாலும் நிலம் நவஹோ மக்களோடது, கீழ இன்னும் குடும்பங்க விவசாயம் பண்றாங்க, அதனால மேல இருந்து எவ்வளவு நேரம் வேணா பாக்கலாம், பள்ளத்தாக்குக்குள்ள இறங்க நவஹோ கைடு வேணும். குழந்தைகளோட போறவங்க இந்த இடத்தை விட்டுடாதீங்க.

குறுகலான பாறைப் பிளவா இருக்கிற ஆன்டிலோப் கேன்யன்லயும் கைடு இல்லாம உள்ள விட மாட்டாங்க, அதுல கெஞ்சிப் பிரயோஜனம் இல்ல, 1997 ஆகஸ்ட்ல எங்கயோ பெஞ்ச மழை வெள்ளமா வந்து 11 பேர் செத்த இடம் அது. மான்யுமென்ட் வேலியோட 17 மைல் மண் ரோட்ல சொந்தக் காரை ஓட்டலாம், ஆர்விங்கிற வீட்டு வண்டி, பைக் கூடாது. நவஹோ நேஷன்ல பொதுவா மதுவுக்குத் தடை, ட்ரோனும் பறக்க விடக்கூடாது, ஆளுங்களை ஃபோட்டோ எடுக்கணும்னா கேட்டுட்டு எடுங்க.

டூர் புக் பண்றவங்க நேரத்தையும் பாத்துக்கணும். அரிசோனாவுல கோடைக்கு கடிகாரத்தை மாத்த மாட்டாங்க, நவஹோ நேஷன்ல மாத்துவாங்க, அதனால கோடையில ஆன்டிலோப் கேன்யன் பக்கத்துல, நவஹோ நேஷனுக்கு வெளிய இருக்கிற பேஜ் ஊர்ல மணி 9னா மான்யுமென்ட் வேலில 10. ஃபோன்ல காட்டுற மணி டவரைப் பொறுத்து தானா மாறிக்கிட்டே இருக்கும், அதை நம்பாம டூர்காரங்ககிட்டயே எந்த டைம்னு கேட்டு வச்சுக்கங்க.