அரசி போய் அரசர் வந்த போர்ப்பாட்டு

'ஓவர் தி ஹில்ஸ் அண்ட் ஃபார் அவே' என்னும் பிரிட்டிஷ் போர்ப்பாட்டுக்கு முந்நூறு வயது கடந்துவிட்டது. 'மலைகள் தாண்டி, வெகுதொலைவில்' என்று பொருள்படும் அந்த ஈற்றடியைத் தவிர, மற்ற வரிகளில் பெரும்பாலானவை காலந்தோறும் மாறியிருக்கின்றன. ஆயினும் கேட்பவர்கள் அதை அதே பாட்டாகவே அடையாளம் காண்கிறார்கள்.

1706-இல் லண்டனில் மேடையேறிய ஜார்ஜ் ஃபார்க்கரின் 'தி ரெக்ரூட்டிங் ஆஃபீசர்' நாடகத்தில் இதன் படைவீரர் வடிவம் இடம்பெற்றது. அப்போது ஸ்பானிய வாரிசுரிமைப் போர் நடந்துகொண்டிருந்தது. எஜமானின் காலணியைத் துடைத்துவந்த தொழில் பழகும் பையன் படையில் சேர்ந்தால் இனி அதை மறுத்துவிட்டுப் பாடித் திரியலாம் என்று பாட்டு ஆசை காட்டுகிறது. ஃபார்க்கர் தாமே ஷ்ரூஸ்பரியில் படைக்கு ஆள் சேர்த்தவர் என்பதால், அந்த வரி ஆள்சேர்ப்பை உள்ளிருந்து அறிந்தவரின் வரியாகவே எனக்குப் படுகிறது.

அதன் பல்லவியில் 'குவீன் ஆன்', அதாவது அரசி ஆன், ஆணையிடுகிறார், வீரர்கள் பணிகிறார்கள். 1990-களில், நெப்போலியன் காலத்துப் போர்களைச் சித்திரித்த 'ஷார்ப்' தொலைக்காட்சித் தொடருக்காக இசைக்கலைஞர் ஜான் டாம்ஸ் பாட்டைப் புதுப்பித்தபோது, அதே இடத்தில் 'கிங் ஜார்ஜ்' வந்து அமர்ந்தார். இரு பெயர்களும் ஆங்கிலத்தில் இரண்டே அசைகள் கொண்டவை. எனவே மெட்டில் ஒரு சுரத்தைக்கூட நகர்த்த வேண்டியிருக்கவில்லை. ஆனால் அதே பல்லவியில் வரும் 'ஸ்பெயின்' அசையவில்லை. கடலைக் குறிக்கும் 'மெயின்' என்ற சொல்லோடு அது இயைபுகொண்டு நிற்பதால், அதை எடுத்தால் முந்தைய அடியும் குலைந்துவிடும்.

மனித நினைவின் இயல்பும் இப்படித்தான் இருக்கிறது. வாய்மொழி மரபுகளை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் டேவிட் ரூபின் காட்டியபடி, பொருளை மட்டுமோ ஓசையை மட்டுமோ குறிப்பாகக் கொடுத்தால் உரிய சொல் எளிதில் நினைவுக்கு வருவதில்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தாலோ பெரும்பாலும் தவறாமல் வந்துவிடுகிறது. சந்தமும் இயைபும் பொருளும் ஒருசேரப் பிடித்திருக்கும் சொல் நிலைக்கிறது, பிடி தளர்ந்த இடத்தில் புதுச்சொல் நுழைகிறது. நாட்டார் பாடல்களைத் திரட்டிய செசில் ஷார்ப், 1907-இலேயே தொடர்ச்சி, மாறுபாடு, தெரிவு என்னும் மூன்றையும் அவற்றின் வளர்ச்சி விதிகளாகக் கூறியிருந்தார்.

இம்மெட்டு போரோடு மட்டும் நிற்கவில்லை. 1728-இல் ஜான் கே தமது 'தி பெக்கர்ஸ் ஆப்பெரா'வில் இதைக் காதலர் இருவரின் பாட்டாக்கினார். குழந்தைப் பாடல் ஒன்றிலோ முரசும் இல்லை, அரசரும் இல்லை. குழலூதுபவனின் மகன் டாம் வாசிக்கக் கற்றிருந்த ஒரே மெட்டு 'ஓவர் தி ஹில்ஸ் அண்ட் ஃபார் அவே' என்று அது சொல்கிறது.