பின்னாலும் நாலு கியர்

இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி விமானம் செய்யக்கூடாது என்று வென்ற நாடுகள் தடை போட்டிருந்தன. போர் விமானங்களுக்குப் பேர்போன மெஸ்ஸர்ஷ்மிட் நிறுவனத்துக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. ஃப்ரிட்ஸ் ஃபென்ட் என்ற பொறியாளர் ஊனமுற்றவர்களுக்கான மூன்று சக்கர வண்டிகளைச் செய்துகொண்டிருந்தார். இருவரும் கைகோத்ததில், ரேகன்ஸ்புர்க் தொழிற்சாலையிலிருந்து 1953இல் கேஆர் 175, 1955இல் கேஆர் 200 என்ற குட்டிக் கார்கள் வெளிவந்தன.

ஓட்டுபவருக்குப் பின்னால்தான் அடுத்தவர் உட்கார வேண்டும். தலைக்கு மேல், பக்கவாட்டில் தூக்கித் திறக்கும் பிளாஸ்டிக் கூண்டு. விமானத்தில் மிஞ்சிய சாமானோ என்று தோன்றும். ஆனால் காரின் உடல் ஒடுங்கினால் எதிர்க்காற்றும் குறையும். அதனால்தான் 191 சிசி எஞ்சினின் 10 குதிரைத்திறனை வைத்துக்கொண்டே மணிக்கு 90 கிலோமீட்டரைத் தொட முடிந்தது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது ரிவர்ஸ். அதற்கென்று தனிக் கியரே கிடையாது! எஞ்சினை அணைத்துவிட்டு, சாவியை இன்னும் உள்ளே அழுத்தித் திருப்பினால் எஞ்சினே தலைகீழாகச் சுற்றத் தொடங்கும். சாதாரணக் கார் எஞ்சின் இப்படிச் சுற்றினால், எரிபொருளை உள்ளே விட்டுப் புகையை வெளியேற்றும் வால்வுகள் தப்பான நேரத்தில் திறக்கும். இந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சினிலோ வால்வே இல்லை. சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளை பிஸ்டனே ஏறி இறங்கும்போது மூடித் திறக்கிறது. எந்தப் பக்கம் சுற்றினாலும் அதற்கு ஒன்றுதான். பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் ஸ்பார்க் வர வேண்டும், அவ்வளவே. அதற்காக, பின்னோக்கிச் சுற்றும்போது வேலை செய்ய ஸ்பார்க்கின் நேரத்தைத் தீர்மானிக்கும் கான்டாக்ட் பாயின்ட் இன்னொன்றை வைத்தார்கள். ஆக, பின்னாலும் நாலு கியர். நாலாவதைப் போட்டுப் பார்க்க அசட்டுத் துணிச்சல் வேண்டும்.

ஃபிரிட்ஜ் செய்துகொண்டிருந்த இத்தாலிய ஐசோ நிறுவனம் 1953இல் கொண்டுவந்த இசெட்டா என்ற குட்டிக் காரின் தந்திரம் வேறு. கதவு முன்பக்கம்; திறந்தால் ஸ்டியரிங்கும் கூடவே விலகும். பின்சக்கரங்களுக்கு இடையே ஏறக்குறைய அரை மீட்டர்தான். கார் 90 டிகிரி திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட 80 சென்டிமீட்டர் அதிகம் ஓட வேண்டும். இடைவெளி 1.2 மீட்டராக இருந்தால் வித்தியாசம் 1.9 மீட்டர் ஆகிவிடும். 80 சென்டிமீட்டர் என்ற சிறிய வித்தியாசத்தை டயர் வழுக்கியே சமாளித்துவிடும் என்று, இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரென்ஷியலையே விட்டுவிட்டார்கள்.

இசெட்டாவைச் செய்ய உரிமம் வாங்கிய ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ, தன் பைக் எஞ்சினைப் பொருத்தியது: 247 சிசி. அங்கே 250 சிசி வரை ஓட்ட பைக் லைசென்ஸே போதும் என்பதால் வந்த கணக்கு அது. 1,60,000க்கும் மேல் விற்றது. அப்புறம் மக்கள் கையில் காசு புழங்க, 1957இல் ஃபியட் 500, 1959இல் மினி என்று நாலு பேர் உட்காரும் கார்கள் வர, இசெட்டா 1962இலும் கேஆர் 200 1964இலும் நின்றுபோயின.