எந்த அழுக்கைத் துடைக்கலாம், எதைத் தொடக்கூடாது: பீஸ்டி பாய்ஸ் வீடியோக்களும் மீட்டெடுப்பு வேலையும்

பழைய பாட்டு வீடியோ ஒன்றை ஏஐ மென்பொருளில் போட்டு, பொத்தானை அழுத்தி, '4கே ரீமாஸ்டர்' என்று பெயர் வைத்து யூடியூபில் ஏற்றுவது இப்போது சுலபமாகிவிட்டது. ஆனால் அப்படி ஏறுபவற்றில் பல, மூலத்தைவிட மோசம். தோலில் ஒரு துளைகூட இல்லாமல் முகம் வழவழக்கிறது. கை அசைந்தால் ஓரத்தில் சீப்புக் கோடுகள். சிவப்புச் சட்டை ஆரஞ்சாகத் தெரிகிறது. மென்பொருளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கையில் இருக்கும் வீடியோ எந்தக் கருவிகளின் வழியே வந்தது என்று பார்க்காமல் வேலையைத் தொடங்கியதுதான் கோளாறு.

இதை விளக்க நியூயார்க்கின் பீஸ்டி பாய்ஸ் என்ற ராப் குழு நல்ல எடுத்துக்காட்டு. மைக் டி, ஆட்-ராக், எம்சிஏ என்ற மூவரும் 1986 முதல் ஆல்பத்திலிருந்து 2011 வரை எடுத்த வீடியோக்களில் ஃபிலிம், டேப், அனிமேஷன், கைக்கேமரா, டிஜிட்டல் எல்லாம் உண்டு. அதோடு, வேண்டுமென்றே படத்தை மட்டமாகக் காட்டும் குறும்பும் இவர்களிடம் அதிகம். மீட்டெடுப்பவருக்குத் தலைவலி தருவது இந்தக் குறும்புதான்.

ரிக் மெனெல்லோவும் ஆடம் டூபினும் இயக்கிய 'ஃபைட் ஃபார் யுவர் ரைட்' ஓர் அபார்ட்மென்ட்டில் நடக்கும் பார்ட்டி. முகத்தில் கேக் அப்பும் சண்டையில் முடிகிறது. 4:3 டிவிப் பெட்டிக்காகவே சட்டகம் (ஃப்ரேம்) அமைந்த காலம் அது. இதை 16:9 திரையில் நிரப்ப நினைத்து வெட்டினால், உயரத்தில் சரியாகக் கால் பங்கு போய்விடும். தலையோ, கையில் இருக்கும் தட்டோ ஏதாவது ஒன்று அறுபடும். 1920×1080 சட்டகத்துக்குள் 1440×1080 அளவில் வைத்து, இருபுறமும் 240 பிக்சல் கறுப்பாக விடுவதே முறை. கறுப்புப் பட்டை பிடிக்காது என்று வாடிக்கையாளர் சொல்வார். சொல்லட்டும்.

1989-இல் வந்த 'ஷேட்ராக்' முழுக்க வேறு ஜாதி. மேடைக் காட்சியைச் சட்டகம் சட்டகமாக ஓவியமாகத் தீட்டியது. ஒவ்வொரு சட்டகத்திலும் தூரிகைத் தடம் இடம் மாறித் துடிக்கும். இரைச்சல், அதாவது படத்தில் துடிக்கும் தேவையற்ற புள்ளிகளை, நீக்கும் மென்பொருளுக்கு அந்தத் துடிப்பும் வெறும் இரைச்சல். அடுத்தடுத்த சட்டகங்களைக் கலந்து அதை அடக்கிவிடும். காலத்தை வைத்து இரைச்சல் நீக்கும் வசதியை இது போன்ற வீடியோவில் முழுவதுமாக அணைத்துவிட வேண்டும்.

இதே எச்சரிக்கை 1992-இன் 'சோ வாட்சா வான்ட்' வீடியோவுக்கும் பொருந்தும். மூவரும் காட்டுக்குள் நடக்க, நிறங்கள் மாறிக்கொண்டே போகின்றன. 'நத்தேனியல் ஹார்ன்ப்ளோவர்' என்ற பெயரில் இதை இயக்கியவர் எம்சிஏ, அதாவது ஆடம் யாக். சுவிட்சர்லாந்துக்கார மாமா என்று கதை கட்டி அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் அது. காட்சியை உருண்டையாக வளைத்துக் காட்டும் மீன்கண் லென்ஸ் அவருக்கு உயிர். தானியங்கி நிறத்திருத்தம் இந்தக் காட்டை 'இயல்பான' பச்சைக்குக் கொண்டுவரப் பார்க்கும். லென்ஸ் திருத்தம் வளைவை நிமிர்த்தப் பார்க்கும். முகம் சீராக்கும் ஏஐ, ஓரத்தில் இழுபட்ட முகத்தில் புது மூக்கு வைக்கும். மூன்றையும் அணைத்துவிட்டுத்தான் வேலையில் இறங்க வேண்டும்.

'சபடாஜ்': மூன்று நிமிடத்தில் இத்தனை சிக்கல்

ஸ்பைக் ஜோன்ஸ் இயக்கிய இந்த 1994 வீடியோ 1970-களின் போலீஸ் தொடர்களைக் கிண்டல் செய்வது. ஒட்டுமீசை, குளிர்கண்ணாடி, கார்த் துரத்தல். எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சியின் விருதில் 5 பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டு ஒன்றும் கிடைக்கவில்லை. இயக்கத்துக்கான விருது ஆர்.இ.எம். குழுவின் வீடியோவுக்குப் போனபோது, மாமா வேடத்தில் இருந்த யாக் மேடையேறிக் கலாட்டா செய்தார். 2009-இல், 'அன்றே வென்றிருக்க வேண்டிய வீடியோ' என்று ஒரு விருதை எம்டிவியே கொடுத்துக் கணக்கைத் தீர்த்தது.

தொழில்நுட்பப் பக்கம் வருவோம். அக்கால அமெரிக்க வீடியோக்களில் வழக்கமான பாதை இது: ஃபிலிமில் படமெடுத்து, நெகட்டிவை டெலிசினி இயந்திரத்தில் டேப்புக்கு மாற்றி, வெட்டி ஒட்டுவதை டேப்பிலேயே முடிப்பார்கள். ஃபிலிம் விநாடிக்கு 24 சட்டகம். என்டிஎஸ்சி எனப்படும் அமெரிக்க டிவி முறையின் டேப் 29.97. இடைவெளியை நிரப்ப, 4 ஃபிலிம் சட்டகங்கள் 5 வீடியோ சட்டகங்களாகப் பரத்தப்படும். அந்த ஐந்தில் மூன்று சுத்தமானவை. இரண்டு, பக்கத்துச் சட்டகங்களின் பாதிப் பாதி. சீப்புக் கோடு பிறப்பது அந்த இரண்டில்தான்.

இந்த ஐந்தின் வரிசை மாறாமல் ஓடினால், பின்னோக்கிப் பிரித்து 24 சட்டகங்களை முழுமையாக மீட்டுவிடலாம். ஆனால் வெட்டுகள் டேப்பில் நடந்ததால் ஒவ்வொரு வெட்டிலும் வரிசை புதிதாகத் தொடங்கும். நிதானமாகப் போகும் பாட்டில் தானியங்கிக் கருவி சில சட்டகங்களுக்குள் புது வரிசையைப் பிடித்துக்கொள்ளும். சபடாஜ் மாதிரி படபடவென்று வெட்டும் வீடியோவில், அது பிடிப்பதற்குள் அடுத்த ஷாட் வந்துவிடும். வெட்டுக்கு வெட்டு கையால் வரிசை குறிப்பது ஒன்றே வழி. டேப்பில் ஏற்றிய தலைப்பெழுத்தோ, கரைந்து மாறும் காட்சியோ இருந்தால் அந்த இடத்தை 24-க்குத் திருப்ப முடியாது. அதை மட்டும் தனியே பிரித்து விநாடிக்கு 59.94 புலங்களாகக் கையாள வேண்டும் (சட்டகத்தின் ஒன்றுவிட்டு ஒன்றான கோடுகள் கொண்ட பாதி ஒரு புலம்).

இன்னொரு கண்ணி: சில வன்முறைக் காட்சிகளை எம்டிவி வெட்டி ஒளிபரப்பியது. ஆகவே டிவியிலிருந்து பதிவான பிரதி முழுமையானது என்று நம்பக்கூடாது. வேலை தொடங்குமுன் நீளத்தையும் வெட்டுகளின் எண்ணிக்கையையும் அதிகாரப்பூர்வப் பிரதியோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

நெகட்டிவே கிடைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. முடிந்த வீடியோ நெகட்டிவில் இல்லை. வெட்டாத சுருள்கள்தான் இருக்கும். இடிஎல் எனப்படும் வெட்டுப் பட்டியலை வைத்து ஒவ்வொரு ஷாட்டையும் தேடி, ஸ்கேன் செய்து, மறுபடி அடுக்க வேண்டும். பட்டியல் தொலைந்திருந்தால் பழைய பிரதியைப் பக்கத்தில் ஓடவிட்டுக் கண்ணால் பொருத்துவதுதான். அதைவிட முக்கியம் நிறம். டெலிசினி மேசையில் உட்கார்ந்து நிறக்கலைஞர் எடுத்த முடிவு எதுவும் நெகட்டிவில் பதியாது. அது டேப்பில் மட்டுமே இருக்கிறது. எனவே நெகட்டிவ் கிடைத்த மகிழ்ச்சியில் டேப்பைத் தூக்கி எறிந்தவர், நிறத்துக்கான ஒரே சாட்சியை எறிந்துவிட்டார்.

ஒலியும் ஏமாற்றும். 24-இல் எடுத்தது டேப்பில் 23.976 ஆக ஓடும், வித்தியாசம் 0.1 சதவீதம். புது ஸ்கேனை நேராக 24-இல் ஓடவிட்டுப் பாட்டைச் சேர்த்தால், 4 நிமிடப் பாட்டின் முடிவில் உதடு 0.24 விநாடி, அதாவது ஏறக்குறைய 6 சட்டகம் விலகியிருக்கும். ராப்பில் இது உடனே கண்ணில் உறுத்தும்.

நம் ஊரில் கிடைக்கும் பிரதிகளுக்குத் தனி எச்சரிக்கை தேவை. இந்தியாவும் இலங்கையும் விநாடிக்கு 25 சட்டகம் கொண்ட பிஏஎல் டிவி முறையைப் பின்பற்றிய நாடுகள். அமெரிக்க வீடியோக்கள் இங்கே வந்தபோது, ஒரு டிவி முறையை இன்னொன்றாக்கும் முறைமாற்றி வழியாகவே வந்தன. அது அடுத்தடுத்த புலங்களைக் கலப்பதால் அசைவில் நிழலுருவம் தெரியும். அந்தக் கலப்பைச் சுத்தமாகப் பிரிக்க வழியில்லை. அப்படிப்பட்ட டேப்பில் மெனக்கெடாமல், என்டிஎஸ்சி மூலத்தைத் தேடுங்கள்.

டேப்பைக் கணினிக்கு ஏற்றும்போது பூஞ்சை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் டேப் ஓட்டும் டெக்கில் போடவே கூடாது, டேப்பைப் படிக்கும் தலையும் கெடும், அடுத்த டேப்பும் கெடும். டேப்பின் நேரத் தடுமாற்றத்தைச் சரிசெய்யும் டைம்பேஸ் கரெக்டர் இல்லாமல் விஎச்எஸ் ஏற்றாதீர்கள். 720×486, 10 பிட், இன்டர்லேஸ் (சட்டகம் இரு புலங்களாகப் பின்னியிருக்கும் அமைப்பு) மாறாமல் பிடித்தால் அழுத்தாத கோப்பு மணிக்குச் சுமார் 100 ஜிபி. ஒரு பாட்டுக்கு 6, 7 ஜிபிதான். எஃப்எஃப்வி1 கோடெக்கில் இழப்பில்லாமல் இன்னும் சுருங்கும். பிடிக்கும்போதே இன்டர்லேஸை நீக்குவது மட்டும் வேண்டாம். பிறகு திரும்பி வர வழியில்லை. எச்டிக்கு ஏற்றும்போது நிற அணியை, அதாவது நிறத்தைக் கணக்கிடும் முறையை, பழைய டிவியின் 601-லிருந்து எச்டியின் 709-க்கு மாற்ற மறந்தால்தான் அந்தச் சிவப்புச் சட்டை ஆரஞ்சாகிறது.

1998-இன் 'இன்டர்கேலக்டிக்' டோக்கியோவில் எடுத்தது. கட்டுமானத் தொழிலாளர் உடையில் மூவரும் ரயில் நிலையங்களில் திரிய, பொம்மை நகரத்தில் ராட்சத ரோபோ சண்டை போடுகிறது. அடுத்த ஆண்டு சிறந்த ஹிப்-ஹாப் வீடியோ விருது இதற்குக் கிடைத்தது. ஜப்பானிய ராட்சதப் படங்களின் கணக்கு இங்கே தெரிந்திருக்க வேண்டும்: மாதிரியின் அளவு 25-இல் ஒரு பங்கு என்றால் அதன் வர்க்கமூலம் 5, விநாடிக்கு 24-ஐ ஐந்தால் பெருக்கி 120 சட்டகத்தில் எடுத்தால்தான் கனம் உள்ளதாகத் தெரியும். இந்தப் பொம்மை நகரக் காட்சியை 60 சட்டகமாக ஏஐ வழவழப்பாக்கினால் ராட்சதன் உடை மாட்டிய ஆளாகிவிடுவான். அட்டைக் கட்டடம் அட்டை என்று தெரிவதும் கிண்டலின் பகுதி. அதைக் கூர்மையாக்கலாம், அழகாக்கக்கூடாது.

2000-இல் க்ரைட்டீரியன் நிறுவனம் இவர்களுடைய 18 வீடியோக்களை இரண்டு டிவிடிகளில் தொகுத்தது. பயன்படாத ஷாட்களும் மாற்று ஒலித்தடங்களும் அதில் கோணம் மாற்றிப் பார்க்கும்படி இருந்தன. படச்சுருள்களைப் பத்திரப்படுத்தியிருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று. இன்று சுயாதீனப் பாடகர்களுக்கு வீடியோ எடுப்பவர்கள் முடிந்த கோப்பைக் கொடுத்துவிட்டு மற்றதை அழித்துவிடுகிறார்கள். வட்டு விலை அழுத்துகிறது, புரிகிறது. குறைந்தது மூலக் கிளிப்கள், எடிட் பட்டியல், நிறத்திருத்தத்துக்கு முந்தைய பிரதி, குரல் தனித்தடம் இவற்றையாவது இரண்டு இடங்களில் வையுங்கள்.

2004 அக்டோபர் 9 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டன் கச்சேரியில் ரசிகர்கள் 50 பேர் கையில் கேமரா கொடுத்தார்கள். 2006-இல் அது முழுநீளப் படமானது. இப்போது கல்லூரி விழாக்களில் ரசிகர்களின் கைப்பேசிக் காட்சியைச் சேர்க்க விரும்புகிறார்கள். அதற்கும் இதே விதிதான். நடுவில் நிறுத்தாமல் எடுக்கச் சொல்லுங்கள், ஒலியலை வைத்துப் பொருத்தலாம். நிறுத்தி நிறுத்தி எடுத்தால் ஒவ்வொரு துண்டையும் தனியே பொருத்த நேரிடும். கைப்பேசிகளின் சட்டக வேகம் நிலையாக இருப்பதில்லை. முதலில் நிலையான வேகத்துக்கு மாற்றாவிட்டால் தொடக்கத்தில் பொருந்தியது முடிவில் விலகும்.

2011-இல் யாக் முதல் பார்ட்டி வீடியோவின் மறுநாள் கதைபோல அரை மணி நேரக் குறும்படம் எடுத்தார். 2012 மே 4 அன்று புற்றுநோயால் இறந்தார். தம் படைப்புகளை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்று அவர் உயிலில் எழுதியிருந்தார். தங்கள் பாடல்களை விளம்பர வீடியோவில் சேர்த்த மான்ஸ்டர் எனர்ஜி பான நிறுவனத்தின் மீது குழு வழக்குத் தொடர, 2014-இல் ஜூரி 17 லட்சம் டாலர் தீர்ப்பளித்தது. ஆகவே மீட்டெடுத்த பிரதியைக் கற்றலுக்கு வைத்துக்கொள்வதோடு நிறுத்துங்கள். உங்கள் ஸ்டுடியோ விளம்பரத்தில் 'முன், பின்' என்று காட்ட, எழுத்துபூர்வ அனுமதி உள்ள வீடியோவையே எடுங்கள்.