பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டின் பழைய வீடுகளில், தாத்தா காலத்துச் சாமி படம் ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் மங்கிப்போய்த் தொங்குவதை இன்னும் பார்க்கலாம். பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோதும், ரப்பர் அழிந்து செம்பனை வந்தபோதும் லயங்கள் எனப்படும் தோட்டக் குடியிருப்புகளைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் தூக்கிக்கொண்டு வந்த சில பொருள்களில் அதுவும் ஒன்று. அதைக் காட்டுகிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இது என்ன விலை போகும்?" என்னைக் கேட்டால், இது யார் யார் கை மாறி இங்கே வந்தது என்பதுதான் அதைவிடப் பெரிய கேள்வி. அதற்கு விடை தேடும் வழிமுறைகள், மினியேச்சர் எனப்படும் இந்தியச் சிற்றோவியங்களை ஆராய்ந்தவர்களிடம் நன்றாகத் தேறியிருக்கின்றன.

நிலத்துக்குக் கிராண்ட் என்ற உரிமைப் பத்திரம் இருப்பதுபோல ஓவியத்துக்கு அதன் பின்பக்கம். முகலாய அரண்மனை நூலகத்தில் ஏடுகளை அவ்வப்போது எடுத்துச் சரிபார்ப்பார்கள். பார்த்த அதிகாரி தேதி எழுதி முத்திரை குத்துவார். ஏட்டின் தரமும் ரூபாயில் மதிப்பும்கூடச் சில ஏடுகளில் குறிக்கப்பட்டிருக்கும். முத்திரையில் ஹிஜ்ரி ஆண்டு இருந்தால் கணக்கு எளிது. உதாரணமாக, ஹிஜ்ரி 1014 என்பது 1605-06. பிற்காலத்தில் பிக்கானேர், மண்டி போன்ற சமஸ்தானங்களும் தங்கள் சேகரிப்புக்கு முத்திரை வைத்திருந்தன. ஆகவே ஒரே தாளின் பின்புறத்தில் பேரரசர், சிற்றரசர், வியாபாரி, ஏலக்கடை என்று பல தலைமுறைக் கைகள் பதிந்திருக்கக்கூடும்.

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள, அக்பரின் வரலாறான அக்பர்நாமாவின் ஓவியங்களைப் பாருங்கள். அக்பரின் ஆட்சிக்காலத்தில் தீட்டப்பட்ட அந்த ஏட்டின் பக்க ஓரங்களில், ஓவியத்தை வடிவமைத்தவர் யார், வண்ணம் தீட்டியவர் யார் என்று நூலகர் சிவப்பு மையில் எழுதி வைத்தார். அக்பருக்குப் பின் ஏடு ஜஹாங்கீரின் நூலகத்துக்கும், பிறகு ஷாஜஹானிடமும் சென்றது. அதற்குப் பிறகு நாம் உறுதியாகக் காணும் பெயர் ஜான் கிளார்க். 1858 முதல் 1862 வரை வட இந்தியாவின் அவத் பகுதியில் ஆங்கிலேய ஆணையராக இருந்தபோது அவர் அதைப் பெற்றார். 1896இல் அவருடைய மனைவியிடமிருந்து அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது.

அந்த ஆண்டுகளைக் கவனியுங்கள். 1857 எழுச்சியை அடக்கி, 1858 மார்ச்சில் அவத்தின் தலைநகரான லக்னோவைப் பிடித்த ஆங்கிலேயப் படைகள் அங்கிருந்த கைசர்பாக் அரண்மனையைச் சூறையாடின. அப்படியொரு ஊரில், அப்படியொரு நேரத்தில், "பெற்றார்" என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு நான் நிறைவடைய மாட்டேன். ஓவியத்தின் உடைமை வரலாற்றில் விழும் இடைவெளியும் ஒரு தகவல்தான். அந்த இடைவெளி எந்த ஊரில், எந்த ஆண்டில் விழுகிறது என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

எழுத்து அழிக்கப்பட்டிருந்தால்? பழைய முத்திரையைச் சுரண்டி எடுத்தவர்கள் உண்டு, வண்ணம் பூசி மறைத்தவர்களும் உண்டு. இங்கேதான் இயற்பியல் கைகொடுக்கிறது. அந்நாளைய கறுப்பு மை பெரும்பாலும் விளக்குக் கரியிலிருந்து செய்யப்பட்டது. கரி, அகச்சிவப்பு ஒளியை விழுங்கும். தாளோ அதைத் திருப்பி அனுப்பும். மேலே பூசிய வண்ணங்கள் பலவற்றை அகச்சிவப்பு ஊடுருவிச் செல்லும். அதனால் கண்ணுக்குத் தெரியாத எழுத்து, அகச்சிவப்புக் கேமராவில் கறுப்பாக எழுந்து நிற்கிறது. சுரண்டிய இடத்துக்கு இவ்வளவுகூடத் தேவையில்லை. வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றிய தாள் அது. பக்கவாட்டில் ஒரு விளக்கைப் பிடித்தாலே மெருகு போன இடம் சொரசொரப்பாகத் தெரிந்துவிடும்.

ஓவியத்தாள் ஒற்றைத் தாளும் அல்ல. பல தாள்களைப் பசையிட்டு ஒட்டிய வஸ்லி அது. ஏட்டிலிருந்து பிரித்தெடுத்து, புதிய ஓரம் ஒட்டி ஆல்பத்தில் சேர்க்கும்போது பழைய குறிப்புகள் அடுக்குகளுக்குள் புதைந்துபோவது உண்டு. பின்னாலிருந்து ஒளியைப் பாய்ச்சினால் சில நேரம் அவை தெரியும். புழு துளைத்த ஓட்டைகளும் சாட்சிதான். ஒரு புழு பல பக்கங்களை நேராகத் துளைத்துச் செல்லும். உலகின் வெவ்வேறு மூலைகளில் இருக்கும் இரண்டு பக்கங்களின் ஓட்டைகளும் நீர்க்கறைகளும் பொருந்தினால், அவை ஒருகாலத்தில் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து இருந்தவை என்று சொல்லலாம். பேராக்கின் ஈரக்காற்றில் புத்தகம் வைத்திருக்கும் யாருக்கும் பூச்சி அரிப்பைப் பார்த்தால் வயிறு எரியும். ஆராய்ச்சியாளருக்கோ அதுவே கைரேகை.

வண்ணங்களைச் சோதிக்கும் கருவிகளில் முக்கியமான ஒன்று நம்மவர் ஒருவரின் கண்டுபிடிப்பிலிருந்து பிறந்தது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி.ராமன், 1928 பிப்ரவரி 28 அன்று கண்டறிந்த ஒளிச்சிதறலே ராமன் நிறமாலைமானி என்ற இக்கருவியின் அடிப்படை. ஒரு பொருளின்மீது லேசர் ஒளியைச் செலுத்தினால், சிதறும் ஒளியின் மிகச் சிறு பகுதி அலைநீளம் மாறித் திரும்பும். எவ்வளவு மாறுகிறது என்பது அந்தப் பொருளின் மூலக்கூறு எப்படி அதிர்கிறது என்பதைப் பொறுத்தது. லாபிஸ் லசுலி என்ற நீலக்கல்லை அரைத்துச் செய்த வண்ணம், இந்த மாற்றத்தை அளக்கும் அலகில் சென்டிமீட்டருக்கு 548 என்ற இடத்தில் வலுவான குறியைக் காட்டும். ஓவியத்திலிருந்து ஒரு துகளைக்கூடப் பெயர்க்க வேண்டியதில்லை. 1828 வாக்கில் செயற்கையாகச் செய்யப்பட்ட நீலமும் அதே குறியைத்தான் காட்டும். அப்போது நுண்ணோக்கி உதவுகிறது: கல்லை அரைத்த துகள்கள் கூரிய விளிம்புகளோடு பல அளவில் இருக்கும், ஆலையில் செய்தவை நுணுக்கமாகவும் ஒரே சீராகவும் இருக்கும்.

டைட்டானியம் வெள்ளை 1920 வாக்கில்தான் சந்தைக்கு வந்தது. பதினேழாம் நூற்றாண்டு ஓவியத்தின் ஓரத்தில் அது அகப்பட்டால் ஓவியம் போலி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அந்த இடத்தை மட்டும் யாரோ பின்னர் பழுதுபார்த்திருக்கலாம். அப்படியானால் அந்த யாரோ ஒருவரும் உடைமை வரலாற்றில் சேர்ந்துவிடுகிறார்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், சட்டம் ஒரு காரணம். இந்தியாவின் 1972 தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த ஓவியத்தைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. அதனால் ஒரு பொருள் அதற்கு முன்பே நாட்டைவிட்டு வெளியேறியதாகக் காட்டும் போலிக் காகிதங்கள் தயாராகின்றன. தமிழ்நாட்டின் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராஜர் சிலையை 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் வாங்கியபோது அப்படிப்பட்ட காகிதங்களே துணையாக வந்தன. அந்தப் பொய்யை உடைத்தவை, சிலை கோயிலில் இருந்தபோது எடுக்கப்பட்டு, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் பத்திரமாக இருந்த புகைப்படங்கள். 2014இல் நடராஜர் இந்தியா திரும்பினார்.

நம் வீட்டுப் படம் முகலாய ஓவியமாக இருக்கப்போவதில்லை. ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் வழிவந்த கல்லச்சுப் படமாக இருக்கலாம். பூதக்கண்ணாடியில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறியிருந்தால் பழைய கல்லச்சு, வரிசை தவறாமல் இருந்தால் பிற்கால ஆப்செட் அச்சு என்று பொதுவாகக் கொள்ளலாம். ஆனால் அட்டையின் பின்னே பென்சிலில் யாரோ எழுதிய தோட்டத்தின் பெயரோ, சட்டம் போட்ட கடையின் சீட்டோ இருந்தால், எனக்கு அச்சகத்தின் பெயரைவிட அதுதான் பெரிது. பட்டணத்தில் புதுச் சட்டம் மாட்டக் கொடுக்கும்போது முதலில் குப்பைக்குப் போவது அந்தப் பழைய அட்டைதான். கடைக்காரரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். லேமினேட் செய்ய மட்டும் கொடுத்துவிடாதீர்கள், சூடும் பிளாஸ்டிக்கும் தாளோடு ஒன்றிவிட்டால் பிரித்தெடுப்பது மிகக் கடினம். சட்டத்தைக் கழற்றுமுன் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படமெடுங்கள். பின்பக்கத்தை மட்டும் இன்னொரு முறை, விளக்கைப் பக்கவாட்டில் வைத்து எடுங்கள். படம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, தேதி போட்டு ஒரு தாளில் எழுதி, பழைய அட்டையோடு ஓர் உறையில் வையுங்கள்.