விண்மீன் மங்கியதை எப்படி அளக்கிறார்கள்?

"தொலைநோக்கிப் படத்தில் எல்லா விண்மீன்களும் வெள்ளைப் புள்ளிகள்தாம். அவற்றில் ஒன்று மட்டும் ஒன்றரை சதவீதம் மங்கியதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?" என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

கண்ணால் முடியாது. கேமரா சில்லில் உள்ள ஒவ்வொரு பிக்சலும் தன்மேல் விழுந்த ஒளிக்கேற்ப ஓர் எண்ணைத் தருகிறது. விண்மீனைச் சுற்றி வட்டம் போட்டு, உள்ளே உள்ள எண்களை மென்பொருள் கூட்டுகிறது. ஆனால் அந்தக் கூட்டுத்தொகையில் நிலவொளி, ஊர் விளக்குகளின் வெளிச்சம் எல்லாம் கலந்திருக்கின்றன. விண்மீன் அமர்ந்திருக்கும் இடத்து வானத்தைத் தனியாக அளப்பது எப்படி?

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் வருகிறது. வட்டத்துக்கு வெளியே, சற்று இடைவெளி விட்டு, ஒரு வளையம் போடுகிறார்கள். அங்குள்ள வானமும் வட்டத்துக்குள் உள்ள வானமும் ஏறக்குறைய ஒன்றே. உண்மையில் வளையத்தில் நூற்றுக்கணக்கான பிக்சல்கள் இருக்கும். ஐந்து மட்டும் என்று வைத்துக்கொள்வோம்: 198, 200, 201, 203, 4,000. கடைசி எண், வளையத்துக்குள் அத்துமீறிய வேறொரு விண்மீனுடையது. சராசரி எடுத்தால் பிக்சலுக்கு 960. வட்டத்தில் 100 பிக்சல்கள், மொத்தம் 80,000 என்றால் 96,000-ஐக் கழிக்க வேண்டும். விண்மீனின் ஒளி மைனஸ் 16,000! எண்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை, அதாவது இடைநிலை அளவை, எடுத்தால் 201தான். அத்துமீறிய விண்மீனை அது கண்டுகொள்வதே இல்லை. கழித்தால் 59,900 மிஞ்சுகிறது. பள்ளியில் இடைநிலை அளவைப் படித்தபோது இது எதற்கு என்று யாராவது சொல்லியிருக்கலாம்.

மெல்லிய மேகம் கடந்தால்? அதே படத்தில் உள்ள பக்கத்து விண்மீன்களின் ஒளியால் வகுத்துவிடுகிறார்கள். மேகம் எல்லாரையும் ஒரே விகிதத்தில் மங்கச் செய்வதால், வகுத்ததும் அடிபட்டுப்போகிறது.

1999 செப்டம்பரில் அமெரிக்காவின் கொலராடோவில் வானியலாளர் டேவிட் சார்போனோ குழுவினர் எச்டி 209458 என்ற விண்மீனை இப்படித்தான் பின்தொடர்ந்தார்கள். அதைச் சுற்றும் கோள் குறுக்கே வந்தபோது ஒளி சுமார் ஒன்றரை சதவீதம் குறைந்தது. பயன்பட்டது வெறும் 10 சென்டிமீட்டர் தொலைநோக்கி! பெரிய கருவிக்கு நிதி வரட்டும் என்று காத்திருக்கும் நம் கல்லூரிகள் இதைக் கவனிக்க வேண்டும். அஸ்ட்ரோஇமேஜ்ஜே போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஜாதகக்காரரிடம் கிரகம் பார்ப்பதற்குத்தான் தட்சிணை.

அந்த ஒன்றரை சதவீதம், விண்மீனின் முகத்தில் கோள் மறைத்த பரப்பு. பரப்பு விட்டத்தின் வர்க்கத்துக்கேற்ப மாறுவதால் வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 0.015-இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 0.12, அதாவது கோளின் விட்டம், அந்த விண்மீனின் விட்டத்தில் சுமார் எட்டில் ஒரு பங்கு.